சுடாத கை

இரண்டு வார ஒப்பந்தத்தில் காட்டுத்தீ அணைக்க வந்த இருபது பேரில் நானும் ஒருவன். பதின்மூன்று நாள் ஓடிவிட்டது. பெருந்தீ அடங்கி, மிச்சம் இருந்தது தடவிப் பார்க்கிற வேலைதான். கையுறையைக் கழற்றிவிட்டு, கருகிய ஒவ்வொரு மரத்தின் வேர்ப்பள்ளத்திலும் வெறுங்கையை விட்டுத் துழாவ வேண்டும். சுட்டால் உள்ளே கங்கு இருக்கிறது என்று அர்த்தம்; தோண்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும். சுடாவிட்டால் நீல நாடா கட்டிவிட்டு அடுத்த மரம்.

நாலு நாளில் என் சரிவில் இருநூறு மரம். ஒன்றுகூடச் சுடவில்லை. என் ராசி அப்படி என்று மார்தட்டிக்கொண்டேன். மறுநாள் காலை எங்கள் எல்லோருக்கும் ஊருக்கு பஸ். அதற்கும் மறுநாள் மனைவிக்கு டாக்டர் குறித்த பிரசவத் தேதி. பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மதியம் கூடாரத்தில் டீ வந்தது. தகர டம்ளரை வாங்கிய மச்சினன், என் மனைவியின் தம்பி, சட்டென்று கீழே வைத்து விரலை ஊதினான்.

"மாமா, உங்களுக்குச் சுடலையா?"

நான் டம்ளரை உள்ளங்கையில் ஏந்தியிருந்தேன். ஒரு வாய் குடித்தேன். நாக்கு வெந்தது. கை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இருநூறும் ஆறித்தான் இருந்தனவா, என் கைதான் செத்துவிட்டதா?

வாயை மூடிக்கொண்டிருந்தால் பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் சரிவுக்குக் கீழே வீடுகள் இருந்தன. குழுத் தலைவியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும். நாளைக்குப் பொழுதுக்கும் ஆகும். அடுத்த பஸ் மூணு நாள் கழிச்சுத்தான்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"வேலில போற ஓணானப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்க," என்றான் மச்சினன். "அக்காகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

சொன்னேன். அவள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை இருபது பேரும் மறுபடி சரிவேறினோம். என் கைக்கு வேலையில்லை. தண்ணீர்ப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். ஐம்பது மரம் ஆறியிருந்தது. நூறும் ஆறியிருந்தது. எல்லோரும் கால் கடுக்க நடந்தார்கள். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. ஒன்றாவது சுடட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். தீயணைக்க வந்தவன் வேண்டுகிற வேண்டுதலா இது? வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் வேண்டினேன்.

நூற்றுப் பதினேழாவது மரத்தில் மச்சினன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"மாமா, தண்ணி கொண்டாங்க."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.