ஸ்ட்ரெச்சரில் ஒரு சைக்கிள்

புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை ரிஸ்வானாவுக்கு. செக்காலையிலிருந்து கியர் சைக்கிளில்தான் போய் வருவாள். போன வாரம் ஆலை வாசலில் ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று சைக்கிளின் பின் கியரைத் தட்டி ஒடித்துவிட்டது. ஆன்லைனில் புதியது வரவழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு வேலையை ஆரம்பித்தாள்.

பழையதைக் கழற்றி, புதியதை முடுக்கி, சங்கிலியைக் கோத்து, கேபிளை இழுத்து மாட்டியது வரைக்கும் தடங்கல் இல்லை. கியர் பல்லுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கத்தான் தரையில் படுத்து ஒரு கண்ணை மூடினாள்.

எதிர்வீட்டுக் காளியாயி அந்த நேரம் பார்த்து வெளியே வந்தார்.

"அடியாத்தீ! ரிஸ்வானா விழுந்து கெடக்கு, ஓடியாங்க!"

முகமெல்லாம் கிரீஸ். அவள் எழப் பார்த்தபோது நாலு பெண்கள் தோளை அமுக்கினார்கள்.

"எந்திரிக்காதீக, எலும்பு வெலகிரும்."

"நான் நல்லாத்தான் இருக்கேன்!"

"அதிர்ச்சியில அப்பிடித்தான் பேசும்" என்றார் காளியாயி.

யாரோ கூப்பிட்டு ஆம்புலன்சும் வந்துவிட்டது. அதில் வந்த நர்ஸ் பாண்டீஸ்வரி குனிந்து நாடி பிடித்தாள்.

"எங்கக்கா அடி?"

"எனக்கில்லம்மா, கியருக்கு."

"கியரு யாரு, உங்க வீட்டுக்காரரா?"

ரிஸ்வானா சைக்கிளைக் காட்டினாள். பாண்டீஸ்வரி பெடலைச் சுற்றிப் பார்த்தாள். சங்கிலி பெரிய பல்லையும் தாண்டிச் சக்கரக் கம்பிக்குள் விழுந்தது.

"ஸ்க்ரூ லூசா இருக்கு. எங்க அண்ணன்கிட்டயும் இதே வண்டிதான். கவுத்திப் போட்டா கணக்கா வராதுக்கா, தூக்கிக் கட்டணும்."

ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரை இறக்கினார். பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றும்படி சைக்கிளை அதில் பெல்ட் போட்டுக் கட்டினார்கள். கையுறை மாட்டிக்கொண்டு பாண்டீஸ்வரி கை நீட்ட, ஓட்டுநர் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். தெருவே சுற்றி நின்று எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் வந்த பெரியவர் ஒருவர் ஸ்ட்ரெச்சரையும் கூட்டத்தையும் கண்டு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மெல்லக் கேட்டார்: "எப்ப எடுக்குறாக?"

"இப்பத்தான் ரெண்டாவது கியரு விழுந்திருக்கு. இன்னும் ஆறு இருக்கு" என்றார் காளியாயி. பெரியவர் தலையாட்டிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

எட்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்த பிறகுதான் ரிஸ்வானாவை எழ விட்டார்கள். வந்ததற்கு ஒரு படிவம் நிரப்பியாக வேண்டும் என்றாள் பாண்டீஸ்வரி.

"வயசு?"

"மூணு வருசம்."

"கூட இருக்கிறது?"

"நான்தான்" என்று ரிஸ்வானா கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, காளியாயி ஒரு பை சாத்துக்குடியோடு வாசலில் காத்திருந்தார். நேராகச் சைக்கிளிடம் போய், "இப்ப தேவலையா?" என்று விசாரித்தார். ரிஸ்வானாவுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

"தேவலைக்கா" என்று பையை வாங்கிக்கொண்டாள்.