கெய்தர் வீட்டுப் பெண்களின் பெயர்

கெய்தர் வீட்டுப் பெண்களுக்கும் சொந்தப் பெயர் உண்டு. ஆனால் அது வாசலைத் தாண்டாது. பாதிரியார் கெய்தர் சாப்பிடும்போது உப்பு கேட்டால்கூட, "மிஸஸ் கெய்தர், அந்த உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்றுதான் மனைவியிடம் கேட்பார். கட்டின பெண்டாட்டியிடம் இதென்ன கூத்து என்று யாரும் சிரித்ததில்லை. அலபாமாவின் அந்த ஊரில் ஒரு கறுப்புப் பெண்ணின் பெயர் வெள்ளைக்காரன் காதில் விழுந்துவிட்டால், மளிகைக்கடைக்காரனின் பொடிமகன்கூடப் பேரைச் சொல்லி "இங்க வா" என்பான். தெரியாத பெயரை எப்படிச் சொல்வான்? மிஸஸ் கெய்தரின் பெயர் என்னவென்று சபையாருக்கே கல்லறையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மகள் ஆர்டீலியா அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். கறுப்புப் பிள்ளைகளுக்கென்றே இருந்த பிஸ்கா பள்ளியில் முதலில் ஆசிரியை, பிறகு தலைமையாசிரியை. கையெழுத்து 'ஏ. கெய்தர்'. அந்த 'ஏ' ஆன் என்றார்கள், ஆலிஸ் என்றார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக்கூட மரியாதை குறையாமல்தான் கூப்பிடுவாள்.

"மிஸ்டர் ட்ராட்டர், மூக்கைத் துடைச்சிட்டு வந்து உக்காருங்க. மிஸ் ஸ்ப்ரூயில், நீங்க படிங்க."

மிஸ் ஸ்ப்ரூயிலுக்கு அப்போது முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அந்தப் பிள்ளையின் தாத்தாவையே கடைத்தெருவில் 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆர்டீலியாவின் வகுப்பில் மட்டும் அவள் மிஸ் ஸ்ப்ரூயில்.

ஆர்டீலியாவின் தம்பி லூஷியஸ் வக்கீல். வாக்குரிமைக்காக ஜெயிலுக்குப் போன அப்பாவின் மகன் என்று நாடே அவனை அறியும். கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று அவன் போட்ட வழக்கு ஜெயித்தது. அன்று கோயிலில் பாட்டும் கைதட்டலுமாகக் கூரை அதிர்ந்தது. ஆர்டீலியாவும் தொண்டை வற்றப் பாடினாள். லூஷியஸ் மேடையேறினான்.

"இது நான் ஜெயிச்ச கேஸ் இல்ல. எனக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்து, தன் வயித்தக் கட்டி என்னச் சட்டம் படிக்க வெச்ச எங்க அக்கா ஆர்டீலியா ஜெயிச்சது!"

"ஆமென்!" என்றது சபை. முன்வரிசையில் இருந்த பத்திரிகைக்காரர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நடுச்சபையில் யாரோ தன் தொப்பியைப் பிடுங்கிவிட்டதுபோல ஆர்டீலியாவின் கை தலைக்குப் போனது. தம்பி மேடையில் அழுதுகொண்டிருந்தான். அவனைப் போய் என்ன சொல்ல?

ஒரே பள்ளி என்றதும் கல்விக் குழு எந்தப் பள்ளியை மூடியது என்று கேட்கவே வேண்டாம். பிஸ்காவின் பந்தயக் கோப்பைகள் குப்பை லாரியில் போயின. பிள்ளைகள் பஸ்ஸில் வெள்ளைக்காரப் பள்ளிக்குப் போனார்கள். தலைமையாசிரியையை அங்கே புத்தக அறையில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் வழியாகப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை.

முதல் நாள் அங்கிருந்த தலைமையாசிரியர் ஹாஸ்கியூ வாய் நிறையச் சிரித்தார்.

"உன் பேர்தான் பேப்பர்ல வந்துச்சே. ஆர்டீலியா! அழகான பேரு."

"மிஸ் கெய்தர்," என்றாள்.

"இங்க அதெல்லாம் எதுக்கு? நாம எல்லாரும் ஒரே குடும்பம்."

அந்தக் குடும்பத்தில் வெள்ளைக்கார ஆசிரியைகள் எல்லாரும் மிஸஸ்தான். மறுநாள் காலை பள்ளி முழுக்க ஒலிபெருக்கி அலறியது: "ஆர்டீலியா, மூணாம் வகுப்புக்குச் சாக்பீஸ் எடுத்துட்டு வா." அன்றிலிருந்து தினமும் அதே பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து தம்பி வீட்டில் சாப்பாடு. கோழி வறுவலைத் தொடாமல் ஆர்டீலியா விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க. எதிர்க்கட்சிக்காரங்க போட்ட அப்பீல் வரப்போவுது. கெய்தர் வீட்டுப் பொண்ணே கொறை சொல்லுதுன்னா, அவனுங்க அதையே புடிச்சிக்குவானுங்க."

"பழைய பள்ளிக்கூடம் சொர்க்கம்னு நான் சொல்லலடா. மழைக்கு ஒழுகும். அவனுங்க கிழிச்சுப்போட்ட புத்தகத்தத்தான் நம்ம புள்ளைங்க படிச்சிது. ஆனா அங்க நான் மிஸ் கெய்தர்."

"பேருதானே அக்கா."

ஆர்டீலியா அவனையே பார்த்தாள். அந்தப் பெயரை ஊருக்குக் கொடுத்தவன் தான்தான் என்பது அவனுக்கு நினைவேயில்லை.

"அம்மா இருந்திருந்தா ஒன் வாயில போட்டிருப்பாங்க," என்று எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அதற்குப் பிறகு யாரிடமும் அவள் முறையிடவில்லை. ஊருக்காகச் சிறைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள் வாய்விட்டு அழக்கூடக் கூடாது என்றால் அது என்ன நியாயமோ, எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் அழவில்லை.

இலையுதிர்காலம் வந்தது. ஒருநாள் காலை ஜன்னல் முன் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு தெரிந்த முகம். முன்பற்கள் முளைத்துவிட்டன. சடையில் மஞ்சள் ரிப்பன். பிஸ்காவில் இந்தப் பிள்ளைதான் தினமும் எல்லாரையும் முந்திக்கொண்டு, "குட் மார்னிங், மிஸ் கெய்தர்!" என்று கத்தும். ஆர்டீலியாவுக்கு மனசு துள்ளியது. எழுந்து, பாவாடைச் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

பிள்ளை குதிகாலை உயர்த்தி ஜன்னல் விளிம்பைப் பிடித்தது.

"ஆர்டீலியா, எனக்கு ரெண்டாம் புக் குடு."

அதில் துடுக்கு ஏதுமில்லை. தினமும் காதில் விழுந்ததைப் பிள்ளை சொன்னது, அவ்வளவுதான். சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. ஆர்டீலியா கையில் இருப்பதிலேயே கிழியாத புத்தகமாகத் தேடி எடுத்தாள். அட்டையைத் துடைத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க, மிஸ் ஸ்ப்ரூயில்."

பிள்ளை கையை நீட்டவில்லை. அந்தப் பெயருள்ள பெரிய மனுஷி யாரோ வந்து நிற்கிறாள் என்று நினைத்து, தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தது.