மாமா அமானியிடம் கேட்காதது

1

கிண்டல் செய்யலாம் என்றுதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் மகள் சின்மயி பொத்தேரியில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டி, கம்போடியாவுக்குத் தொண்டு செய்யப் போனாள். பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடித்தாள். பெயர் தெரியாத குழந்தைகளை இடுப்பில் வைத்துப் படம் எடுத்துப் போட்டாள். அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

இதற்கு எதிராக நிறுத்த எனக்கு ஒரு நல்லவள் தேவைப்பட்டாள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் சத்யப்ரியா இருந்தாள். செலையூர் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் பிசியோதெரபிஸ்ட். அவளும் தொண்டு செய்யத்தான் தான்சானியா போய்வந்தாள், ஆனால் அந்த ஊர்க்காரர்களே கூப்பிட்டு, அவர்கள் சொன்ன வேலையைச் செய்துவிட்டு வந்தவள். நல்லவள் ஒருத்தி, அசடு ஒருத்தி. கதை தானாக ஓடிவிடும் என்று நினைத்தேன்.

சிட்லபாக்கம் ஏரிக்கரை நடைபாதையில் வைத்துத் திட்டத்தைச் சொன்னேன். சத்யப்ரியா நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"சின்மயியைக் கிண்டல் பண்ணாதீங்கக்கா. அவளால யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அந்த வாக்கியத்தோடு என் பழைய கதை முடிந்தது. நீங்கள் படிப்பது அதற்குப் பிறகு எழுதியது.

2

முதல் வரி இப்படி இருந்தது: விமானத்திலிருந்து இறங்கியதும் ஆப்பிரிக்காவின் செம்மண் வாசனை சத்யப்ரியாவை

[அடித்துவிட்டேன். மீனம்பாக்கத்தில் ஆட்களை வழியனுப்பியதோடு சரி, நான் விமானமே ஏறியதில்லை. "என்ன வாசனை வந்தது?" என்று அவளிடமே கேட்டேன். "கருவாட்டு வாசனைக்கா. கோவளம் குப்பத்துல காயுமே, அதேதான்" என்றாள்.]

அடுத்தது: வறுமை தாண்டவமாடும் அந்தச் சிற்றூரில்

[இதையும் அடித்துவிட்டேன். அந்த ஊரில் வறுமை இருந்தது. ஆனால் தாண்டவமெல்லாம் ஆடவில்லை. விடிவதற்குள் எழுந்து மீன் விற்கப் போய்க்கொண்டிருந்தது.]

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

3

விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் தாய்மார்கள் அங்கே ஒரு குழு நடத்துகிறார்கள். தலைவி க்ரேஸ், முன்னாள் ஆசிரியை, ஆங்கிலம் பேசுவாள். தானாக உட்கார முடியாத பிள்ளைகளுக்கு அட்டைப்பெட்டிகளை வைத்தே நாற்காலி செய்யலாம். அட்டைகளை மைதாப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, வெயிலில் காயவைத்து, பிள்ளையின் உடம்பு அளவுக்கு வெட்டிப் பொருத்த வேண்டும். மரம் மாதிரி நிற்கும். அந்த வேலை சத்யப்ரியாவுக்குத் தெரியும் என்று யாரோ சொல்லித்தான் க்ரேஸ் வீடியோவில் அழைத்தாள்.

அழைத்தது நன்றி சொல்ல இல்லை, நேர்காணலுக்கு.

"நீ நாற்காலி செய்ய வர வேண்டாம்," என்றாள் க்ரேஸ். "முன்னாடி வெளிநாட்டுக்காரங்க வந்து ரொம்ப அழகா செஞ்சு கொடுத்துட்டுப் போனாங்க. பிள்ளைங்க வளர்ந்தாங்க, நாற்காலி பத்தல. மாத்திச் செய்ய எங்களுக்குத் தெரியல. இப்போ அதுல கோழி அடைகாக்குது. எங்கள்ல ரெண்டு பேருக்குக் கத்துக்கொடு. பழகின பிறகு நீ கத்தியைத் தொடக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. சம்மதமா?"

சத்யப்ரியாவுக்கு அது பிடித்துப்போனது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து யாரும் தன்னிடம் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை என்றாள். பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு வாங்கிக்கொண்டு, தன் சேமிப்பில் டிக்கெட் எடுத்துப் போனாள்.

4

கற்றுக்கொள்ள வந்த இருவரில் ஒருத்தி மாமா அமானி.

(அந்த ஊரில் ஒரு பெண்ணை அவள் பிள்ளையின் பெயரோடு சேர்த்து 'மாமா' என்று கூப்பிடுவார்கள். மாமா என்றால் அம்மா. நம் காதுக்கு முதலில் குழப்பமாகத்தான் இருக்கும்.)

அமானி அவளுடைய மகன். ஐந்து வயது இருக்கும். கழுத்து நிற்காது. ஆனால் சிரிப்பான், அம்மா அட்டை கிழிக்கும் சத்தம் கேட்டால் இன்னும் அதிகமாகச் சிரிப்பான். முதல் நாற்காலி அவனுக்குத்தான் என்று குழு முடிவு செய்திருந்தது.

சத்யப்ரியா முதல் நாளே ஒன்றைக் கவனித்தாள். அமானியைப் படுக்கவைத்தே ஊட்டினார்கள். ஒவ்வொரு வேளையும் புரையேறியது. கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டக் காட்டிக்கொடுத்தாள். மாமா அமானி அப்படியே செய்தாள். ஆனால் அவள் சந்தைக்குப் போன நேரத்தில் வீட்டிலிருந்தவர்கள் பழைய வழக்கப்படி படுக்கவைத்துதான் ஊட்டினார்கள். நாற்காலி இருந்தால் யார் ஊட்டினாலும் அவன் நிமிர்ந்துதான் இருப்பான்.

மாமா அமானிக்குக் கத்தி லேசில் வசப்படவில்லை. முதல் பலகையைக் கோணலாக வெட்டினாள். அடுத்ததில் இடுப்பு அளவு தவறி, பிள்ளை சரிந்து விழும் அளவுக்கு அகலமாகிவிட்டது. பிரித்து மறுபடி ஒட்டினாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒட்டிய அட்டை காயவே இல்லை.

சத்யப்ரியா செய்திருந்தால் மழைக்கு முன்பே முடித்திருப்பாள். அவளுக்கு அது தெரியும். க்ரேஸிடம் போய்க் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சர்ச்சுக்குப் போனதும் நானே முடிச்சுடட்டுமா?"

க்ரேஸ் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். "முடிக்கலாம். உன் கையை யாரும் பிடிக்கப் போறதில்ல. ஆனா மாமா அமானி அதைப் பார்த்த பிறகு கத்தியை எடுக்கவே மாட்டா."

சத்யப்ரியா கத்தியைத் தொடவில்லை.

நாற்காலியின் முதுகுப் பலகை ஈரமாக இருந்தபோதே அமானிக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு இழுத்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் இறந்துபோனான்.

[இந்தப் பத்தியை நீட்டி எழுதிப் பார்த்தேன். அழகாக வந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

5

கதாசிரியர்களுக்கு ஒரு வசதி உண்டு. நான் இரண்டு முடிவு எழுதினேன்.

முதலாவது: அந்த ஞாயிற்றுக்கிழமை சத்யப்ரியா தனியாக உட்கார்ந்து நாற்காலியை முடித்துவிடுகிறாள். அமானி நிமிர்ந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு,

"இதுல அவன் பொழைச்சுட்டானா?" என்றாள்.

"ஆமா."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் தெரியாது. நுரையீரல் ஏற்கெனவே எவ்வளவு கெட்டிருந்தது என்பதைச் சொல்ல யாரும் இல்லை.

இரண்டாவது முடிவில் மாமா அமானி சத்யப்ரியாவின் கையைப் பிடித்து, "உன்மேல் தவறில்லை, மகளே" என்கிறாள்.

"அவ என்னை மகளேன்னெல்லாம் கூப்பிட்டதில்லக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு." பிறகு சொன்னாள்: "அடக்கம் முடிஞ்சு கொஞ்ச நாள் வரல. அப்புறம் வந்தா. நாற்காலியை எடுத்தா. வேற ஒரு பொண்ணுக் குழந்தையோட அளவுக்கு வெட்டி முடிச்சா. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை அளவு சரியா இருந்துச்சு."

மாமா அமானி இப்போது மற்ற ஊர்த் தாய்மார்களுக்கும் கற்றுக்கொடுக்கிறாளாம். உட்கார முடியாமல் கிடந்த பிள்ளைகள் பலர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கட்டுரை எழுதுகிறவனுக்கு இது போதும். க்ரேஸின் நிபந்தனை சரி என்று நிரூபணமாகிவிட்டது, முற்றுப்புள்ளி வைத்துவிடலாம்.

நானும் வைக்கத்தான் போனேன். சத்யப்ரியாதான் விடவில்லை.

6

"நான் தப்பான ஆள்கிட்ட கேட்டுட்டேன்கா," என்றாள்.

சிட்லபாக்கம் ஏரியில் தண்ணீர் வற்றிக் கரையோரம் நாறிக்கொண்டிருந்தது. எங்களைக் கடந்துபோன பெரியவர் ஒருவர் வணக்கம் சொன்னார். அவள் பதில் வணக்கம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

"க்ரேஸ் லீடர். அதனால க்ரேஸ்கிட்ட கேட்டேன். பிள்ளை மாமா அமானியோடது. அவகிட்ட கேட்கல. 'இப்படியே புரையேறினா இவன் செத்துப்போகலாம், நான் செஞ்சா சீக்கிரம் முடியும், நீ செஞ்சா நாளாகும், என்ன பண்ணட்டும்?'னு ஒரு தடவை நேரா கேட்டிருக்கலாம். அவ புதுசா கத்துக்கிட்டு சந்தோஷமா இருந்தா. பயமுறுத்த வேணாம்னு நினைச்சேன். அவளுக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

"நீ நல்லதுக்குத்தானே..."

"சின்மயியும் நல்லதுக்குத்தான் போனா."

திரும்பி வீட்டுக்கு நடந்தோம்.

7

குழு அவளை மறுபடி அழைத்திருக்கிறது. பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்து நிற்கப் பழக்கும் சட்டங்கள் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நிபந்தனைகள் பழையபடியே. இந்த முறை நேர்காணல் செய்தது மாமா அமானி, க்ரேஸ் மொழிபெயர்த்தாள். சத்யப்ரியா போவதாகச் சொல்லிவிட்டாள். விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் அவள் உதடு அசைகிறது. சுவாஹிலி படிக்கிறாள். அந்தக் கேள்வியை க்ரேஸ் வழியாக இல்லாமல், தன் வாயாலேயே மாமா அமானியிடம் கேட்க வேண்டுமாம். அன்றைக்கு உன்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

"கேட்கணுமா? அவளுக்கு அது இன்னொரு வலியில்லையா?" என்றேன்.

"அது எனக்குத் தெரியலக்கா. 'ஒண்ணு கேட்கலாமா'ன்னு முதல்ல கேட்பேன். வேணாம்னு சொன்னா விட்டுடுவேன்."

இந்த இடத்தில் நான் மாமா அமானியை வாய் திறக்கவைக்கலாம். 'நீயே செய் என்றுதான் சொல்லியிருப்பேன்' என்று எழுதினால் சத்யப்ரியா உடைந்துபோவாள். 'நானே செய்வேன் என்றுதான் சொல்லியிருப்பேன்' என்று எழுதினால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி. இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொருந்தத்தான் செய்கின்றன. நீங்களும் இந்நேரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது உங்களோடு இருக்கட்டும்.

நான் மாமா அமானியைப் பார்த்ததில்லை. அவள் குரல்கூட எனக்குத் தெரியாது. அவளிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.