நகப்பூச்சுப் புள்ளி

டிரைவர் மென்பொருள் மறுபடியும் ஏறாமல் பாதியில் நின்றது. பொருத்தமான கார்டு எதுவும் இல்லை என்று திரை கையை விரித்தது.

தங்கை நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அனிமேஷன் மாலை வகுப்புக்காக அவளே உதிரிகளைச் சேர்த்துப் பூட்டிய கணினி அது. மதர்போர்டு, மாமாவின் அலுவலகத்தில் கழித்துக் கட்டியது. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் புத்தம் புதிது. முதலில் இரண்டும் சண்டை சச்சரவில்லாமல்தான் ஓடின. வகுப்பு மென்பொருளுக்காக எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினாள். அன்று பிடித்தது சனி. கார்டை இயக்கும் டிரைவர் ஏறவே மறுத்தது. அது ஏறாமல் அவள் செய்த படம் ஓடாது. நாளை படத்தை ஒப்படைக்காவிட்டால் அடுத்த நிலை வகுப்பில் இடமில்லை.

"உன் போர்டு கொள்ளுத்தாத்தா, கார்டு கைக்குழந்தை. ரெண்டும் எப்படிப் பேசிக்கும்?" என்றான் அண்ணன். வாரம் முழுக்கப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உதவுகிறவன் அவன்தான்.

"முன்னாடி பேசிச்சே அண்ணா."

"அழிக்கிறப்போ எதையோ கெடுத்துட்டே. சார்கிட்ட முடியலைன்னு சொல்லிடு. எல்லாருக்கும் எல்லாம் வராதுடி."

அவன் குளிக்கப் போனான். அவன் சொன்னது சரிதான் என்றே அவளுக்கும் பட்டது. இருந்தாலும் பார்க்காமல் விட்ட ஒன்று இருந்தது: கார்டு தன்னைப் பற்றித் தானே சொல்லும் அடையாள எண். அதை எடுத்து இணையத்தில் தேடினாள். பல தலைமுறை பழைய கார்டு என்று வந்தது. தப்பாக அடித்துவிட்டோம் என்று எழுத்தெழுத்தாக மறுபடி அடித்தாள். அதே பதில்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினாள். எந்த உதிரியைப் பூட்டினாலும் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பது அவள் வழக்கம். "எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறா பாரு" என்று அண்ணனே கிண்டலடித்திருக்கிறான். கையில் வந்த கார்டு அதே கம்பெனி, அதே கறுப்பு உறை. புள்ளி மட்டும் இல்லை.

வைக்க மறந்துவிட்டோமோ என்று அப்போதும் தன்னைத்தான் சந்தேகித்தாள். பிறகு நினைவு வந்தது. விண்டோஸை அழித்ததற்கு முந்தின நாள், வகுப்பு முடிந்து வந்தவளிடம், "உன் பெட்டியத் தூசி தட்டி வெச்சிருக்கேன்" என்றான். மனம் குளிர்ந்துபோய் அம்மாவிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அண்ணன் அறைக்குப் போனாள். அவனுடைய கேம் கணினிக்குப் பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே, கார்டின் ஓரத்தில், சிவப்புப் புள்ளி.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"புது கேம்டி, என் பழைய கார்டுல ஓடலை. முடிச்சிட்டுத் திருப்பி மாட்டிடலாம்னு இருந்தேன். கேட்டா குடுத்திருப்பியா?"

"குடுத்திருப்பேன்."

அவன் துண்டைப் பிழிந்தான். அதில் பிழிய ஒன்றுமில்லை.

"எடுத்தது போகட்டும். டிரைவர் ஏறாதப்போவாவது சொல்லியிருக்கலாமே. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, நான்தான் கெடுத்தேன்னு சொன்னே. நானும் நம்பினேன்."

"அம்மாகிட்ட சொல்லிடாதே," என்றான்.

அவள் தன் கார்டைக் கழற்றிக்கொண்டு வந்து பூட்டினாள். டிரைவர் ஒரே தடவையில் ஏறியது. திரை ஒருமுறை இருண்டு, பளிச்சென்று வந்தது. படமும் திக்காமல் ஓடியது.

"பாத்தியா, ஏறிடுச்சு," என்றபடி அண்ணன் பக்கத்து நாற்காலியை நோக்கி வந்தான்.

கழற்றி வைத்திருந்த பக்கத்தகட்டை எடுத்து அவள் அந்த நாற்காலியில் வைத்தாள்.