கல் உட்காரும் பலகை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா சவரக்கத்தியை நகத்தில் இழுத்துப் பார்த்தபோது அவர் கை நடுவில் ஒரு கணம் நின்றதா, இல்லை பின்னால் நடந்ததை வைத்து நானாக நிறுத்திக்கொண்டேனா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மற்றதெல்லாம் சரியாகவே நினைவிருப்பதாக நம்புகிறேன். இது ஒன்றில்தான் சந்தேகம்.

மாமா என்றால் என் கணவர் பிரைட்டனின் அப்பா, சில்வஸ்டர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையூரான காந்தலில் நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. "சின்ன வெட்டு பட்டாலும் ரத்தம் லேசுல நிக்காது. மாத்திரையை நிறுத்தினா வால்வுல கட்டி சேரும். வெட்டுப் படாம பாத்துக்கங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமாவோ மடக்குக் கத்தியைத் தவிர எதையும் முகத்தில் வைக்க விடமாட்டார். நான் வாங்கி வந்த பிளாஸ்டிக் ரேசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா கெஸியா, இதுல என்ன பண்றது? கேரட் சீவறதா?"

சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவர் அவர். முள்ளு முள்ளாகத் தாடியோடு போய் நிற்க முடியாது என்பார். கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து ஞாயிறுதோறும் பிரைட்டன்தான் அவருக்குச் சவரம் செய்தார். பிரைட்டனுக்கு நிதானமான கை. கத்தி நன்றாகத் தீட்டியிருந்தால் தோலில் படுவதே தெரியாது. பிசிறு விழுந்த கத்திதான் ஆபத்து. ஆக, மாமாவின் உயிர் ஒரு தீட்டுக்கல்லில் வந்து நின்றது.

சாண் நீளமுள்ள மெல்லிய சாம்பல் நிறக் கல். பழைய பலகையில் மூன்று மரமுளைகளின் மேல் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்த மழைக்காலத்தில் பலகை உளுத்து உதிர்ந்துபோனது. பிரைட்டன் தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக். எஸ்டேட்டில் காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து இழைத்தார். பார்க்க அழகாக இருந்தது. அறுத்த வாசனைகூடப் போகவில்லை.

"மூணு முளை அடிடா" என்றார் மாமா. "மூணுன்னா ஆடாது. கல்லை உக்கார வெக்கணும், கட்டிப்போடக் கூடாது."

"முளை மேல நின்னா, அமுக்கறப்ப நடுவுல தாங்காதுப்பா. முழுசா ஒட்டிட்டா பலகையே தாங்கும்."

"பலகை நீ சொல்றதக் கேக்குமா?"

"மிசினையே உக்கார வெக்கறேன். இந்தக் கல்லு எனக்குப் பெருசா?"

"மிசினு போச்சுன்னா இன்னொண்ணு வாங்குவாங்க. எனக்குக் கழுத்து ஒண்ணுதான் சாமி."

நான் சிரித்தேன். பிரைட்டன் சிரிக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பசையைக் கலந்து கல்லை முழுசாக ஒட்டினார்.

மழை விடவே இல்லை. பசை இறுகாமல் பிசுபிசுத்தது. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் ஈரமான எதுவும் தானாகக் காயாது. கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, காலுறை முதல் தீப்பெட்டி வரைக்கும் அதன்மேல்தான் காயவைப்போம். பிரைட்டன் பலகையை அங்கே வைத்தார். எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். அவர் தன் கைக்கு அதே சட்டியில் சூடு காட்டிக்கொண்டு, மறுநாள் வாசிக்க வேண்டிய அதிகாரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது கூடையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம்.

மாமா வேதாகமத்தை மூடினார். "அது கல்லு."

"கரி வெடிக்குதுப்பா."

மாமா பலகையை ஜன்னலருகே கொண்டுபோய் விரலால் தடவினார். வெளியே மூடுபனி கண்ணாடி வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை.

"நாளைக்கு வேண்டாம்டா. தாடியோட படிச்சாக் கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

பிரைட்டன் கரியைக் கிளறிவிட்டார். பிறகு, "நான் செஞ்ச எதையாச்சும் ஒருதரம், ஒரே ஒருதரம், நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களாப்பா?" என்றார்.

மாமா வேதாகமத்தை மறுபடி திறந்தார்.

காலையில் பிரைட்டன் கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியைத் தீட்டினார். நான் சமையலறையில் இருந்தேன்; வாசல் வழியே இருவரும் தெரிந்தார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் நடுவில் மணல் நெரிவதுபோல ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு தோல்வாரில் தேய்த்து, வழக்கம்போல மாமாவிடம் நீட்டினார். கட்டைவிரல் நகத்தில் இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் கத்தி தடுக்கும். மாமா இழுத்தார். அந்த நேரத்தில் அவர் கத்தியைப் பார்க்கவில்லை, மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்குடா" என்றார்.

நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு, அவர் மகனிடம் அந்த வார்த்தையைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். பிரைட்டனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு கன்னமும் முடிந்தது. தாடைக்குக் கீழே கத்தி தடுக்கியது. அரிசியளவு வெட்டு. படிகாரம் வைத்து அழுத்தினோம். சர்ச் மணி அடித்தபோது முதல் துண்டு நனைந்திருந்தது.

"ஒண்ணுமில்லடா, கையை எடு. எல்லாரும் காத்திருப்பாங்க" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். பிரைட்டன் கட்டைவிரலை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் அப்படியே அழுத்திக்கொண்டு வந்தார்.

அங்கே தையல் போட்டார்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் ரத்தம் நிற்கும் என்றார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்தினோம், ரத்தம் நின்றது. காயம் ஆறத் தொடங்கிய வேளையில் வால்விலிருந்து ஒரு கட்டி மூளைக்குப் போனது.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது கல்லைப் பார்த்தேன். பச்சை மரம் சூட்டில் வளைந்து தாம்பாளம்போலக் குழிந்திருந்தது. கல் அதோடு போக முடியாமல் குறுக்கே மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது.

மாமா அந்த வாரமே இறந்துபோனார். பெட்டியில் வைக்கும் முன் முகம் மழிக்க வேண்டும் என்று சர்ச் ஆட்கள் சொன்னார்கள். பிரைட்டன் அந்த பிளாஸ்டிக் ரேசரால் மழித்தார். கல் இரண்டாகப் பிரிந்துவிட்டது, பலகையைக் கணப்பில் போட்டோம். கத்தி மாமாவின் அலமாரியில் இருக்கிறது. வேதபாடம் இப்போது ஆன்சி டீச்சர் வாசிக்கிறார். பிரைட்டன் அதே ஃபேக்டரியில் வேலை செய்கிறார், தாடி வளர்த்திருக்கிறார். அப்பா கடைசியாகத் தன்னிடம் நல்லாருக்கு என்று சொன்னதாக எல்லோரிடமும் சொல்வார். நான் அவரோடு இருக்கிறேன். அன்று நகத்தில் கத்தி தடுக்கி மாமாவின் கை நின்றதா என்று மட்டும் அவரிடம் கேட்டதில்லை.