பிரஸ்ஸல்ஸில் மூன்று பேருக்கு ஒரு மேசை

தான் கட்டிக்கொள்ள விரும்பும் பெண்ணின் அப்பாவை எங்கே சாப்பிடக் கூட்டிப்போவது என்று பிரேம்நாத் வெள்ளிக்கிழமை கேட்டான். அவன் இருப்பது பிரஸ்ஸல்ஸில். பதில் சொல்ல வேண்டியவர் பர்மாவின் யாங்கோனில், லான்மடா பகுதியில் ஓர் ஐந்தாம் மாடியில், கரண்ட் எப்போது வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அவன் அப்பா இராமையா. அவர் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஆனாலும் ஆள் தப்பில்லை. ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பதினாலு வருடம் கேப்டன். வருகிறவர்களை ஒரு பார்வை பார்த்து, யாரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்று முடிவு செய்வதுதான் கேப்டனுடைய வேலை.

மனைவி ராதா இறந்தாள். மகன் படிக்கப் போய் அங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு இராமையாவுக்குச் சாயங்காலப் பொழுது போவது கைப்பேசியில் பிரஸ்ஸல்ஸ் கடைகளோடுதான். சாப்பாட்டுப் படங்களை அவர் பார்ப்பதில்லை. நாற்காலிகளைப் பார்ப்பார். மேசைக்கும் மேசைக்கும் எத்தனை அடி, தனியாக வந்தவனை ஜன்னலோரம் வைத்திருக்கிறார்களா கழிப்பறையோரமா என்று பார்ப்பார். பிறகு மகனுக்குச் சொல்வார். "அந்த மொராக்கோக்காரர் கடைக்குப் போ. ஒத்த ஆள நல்ல எடத்துல வைக்கிறாங்க."

இந்த முறை மூன்று பேர்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம்பா. எலீன், அவ அப்பா, நான். ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன். ஒம்பது தட்டு வரும். ஒண்ணொண்ணும் இத்துனூண்டு."

"அவர் என்ன வேல பாத்தவரு?"

"கூர வேல. வீடுகளுக்கு ஓடு போடுறவரு. இப்ப ரிட்டையராயிட்டாரு."

"அவருக்கு எடம் புடிக்கணும்னு பாக்குறியா, ஒன்னப் புடிக்கணும்னு பாக்குறியா?"

"ரெண்டும்தான். நீங்க பாத்துச் சொல்லுங்க."

எலீன் தாய் இல்லாத பெண். அப்பாவைத் தனியே விட்டுவிட்டு எங்கும் வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். அவர் சரி என்றால் கல்யாணம் செய்துகொண்டு மூவரும் அவர் வீட்டிலேயே இருப்பார்கள். வேண்டாம் என்றால் பிரேம்நாத் செப்டம்பரில் பாங்காக்கில் ஒரு வேலைக்கு வருவான். இராமையாவும் அங்கே போய் மகனோடு இருந்துவிடலாம். எலீன் அவன் வாழ்வில் வருவதற்கு முன்பே அப்பாவும் மகனும் பேசி வைத்தது அது. இராமையா ஒரு பெட்டிகூட வாங்கியிருந்தார்.

மகன் அனுப்பிய கடையைக் கைப்பேசியில் திறந்து பார்த்தார். வெள்ளைத் துணி, மெழுகுவத்தி. பரிமாறுகிறவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இருபது நிமிடம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். பழகினவர்களுக்கு அந்த இருபது நிமிடம் சுகம். முதல் தடவை சந்திக்கிறவர்களுக்கு அது போல ஒரு தண்டனை கிடையாது. பேச விஷயம் மூன்றாம் தட்டிலேயே தீர்ந்துவிடும். மீதி ஆறு தட்டுக்கும் கூரை வேலைக்காரர் தன் தடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே இருப்பவன் யார், எங்கிருந்து வந்தான் என்று யோசிப்பார். அப்படிக் கலைந்து போன சம்பந்தங்களை இராமையா தன் கூடத்திலேயே பார்த்திருக்கிறார்.

"நல்ல எடம்பா," என்றார்.

பேசி முடித்த பிறகும் போன் கையிலேயே இருந்தது.

மறுநாள் மழை. பர்கத்துல்லாவின் டீக்கடையில் முக்காலிகள் எல்லாம் கூரைக்கு அடியில் நெருங்கிக் கிடந்தன.

"வாங்க கேப்டன். எந்த மேச குடுக்கட்டும்? ஏரி பாத்த மாதிரி வேணுமா, சாக்கட பாத்த மாதிரி வேணுமா?"

"டீயக் கொண்டா பாய்."

"மொகம் சரியில்லையே அண்ணே. பையன் போன் பண்ணலியா?"

"பண்ணான்."

"அப்ப என்ன? எங்க சாப்புடுறதுன்னு வழி சொன்னீங்கள்ல?"

"சொன்னேன்."

பர்கத்துல்லா குவளையை வைத்துவிட்டுத் துண்டால் பலகையைத் துடைத்தார். "எம் மருமகன் யாங்கோன்லயே இருக்கான். சோறு நல்லால்லன்னு எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போறான். ஒங்க பையன் கடல் தாண்டிப் போயும் ஒங்களக் கேட்டுட்டுத்தான் ஒக்காருறான். நீங்க குடுத்து வச்சவருண்ணே."

இராமையா டீயைப் பாதியில் வைத்தார். முப்பத்தொரு வருடத்தில் பிடிக்காத ஆட்கள் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஒருவரையும் வேண்டுமென்றே தப்பான மேசையில் உட்கார வைத்ததில்லை. மாடி ஏறினார். பிரஸ்ஸல்ஸில் காலை மணி பத்து.

"அந்த எடம் வேணாம்பா."

"நேத்து நல்ல எடம்னீங்க?"

"நேத்து சரியாப் பாக்கல. எத்தியோப்பியாக்காரங்க கட ஒண்ணு இருக்கு, டிராம் நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல. அங்க போ. நடுவுல ஒரே தட்டு. புளிச்ச தோச மாதிரி ஒண்ணு, மேல கொழம்புங்க. எல்லாரும் கையாலதான் சாப்புடணும்."

"கையாலயா? அவர் பழக்கமில்லாதவருப்பா."

"அதான். அவர் தெணறுவாரு. நீ தெணறமாட்ட. அவர சொவத்துப் பக்கம் ஒக்கார வை. நீ எதிர்ல ஒக்காராத, பக்கத்துல ஒக்காரு."

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அங்கே பன்னிரண்டரை. இராமையா நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டார். ஆறு மணி ஆயிற்று. சோறு வைக்கத் தோன்றவில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டால் கெட்டது, நேரமானால் நல்லது என்று தொழில் அவருக்குச் சொன்னது. நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. ஏழே காலுக்கு அழைப்பு வந்தது.

பிரேம்நாத் சிரித்துக்கொண்டே பேசினான்.

"தட்டு வந்துச்சுப்பா. நான் பழக்கத்துல மொத ஆட்டுக்கறித் துண்ட எடுத்து அவர் பக்கம் வச்சிட்டேன்."

இராமையா வீட்டில் ராதா பழக்கியது அது. மேசையில் மூத்தவர் யாரோ, முதல் கரண்டி அவருக்கு. யாங்கோனில் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான்.

"அவர் திருப்பி எம் பக்கம் தள்ளுனாரு. நான் மறுபடி வச்சேன். மறுபடி தள்ளுனாரு. மூணு தடவப்பா. கடைசில எலீன்கிட்ட, இந்தப் பையனுக்கு ஆட்டுக்கறி ஆகாதா, வேற எதாவது சொல்லலாமான்னு கேட்டாரு. கடைக்கார அம்மா அதப் பாத்துட்டு, எங்க ஊருல இன்னும் மோசம், வாயிலயே ஊட்டுவோம்னாங்க. சொல்லிட்டு நெசமாவே ஒரு வாய் அவருக்கு ஊட்டி விட்டாங்க."

"வாங்கிட்டாரா?"

"வாங்கிட்டாரு. சட்டையெல்லாம் கொழம்பு. ரெண்டு மணி நேரம் இருந்தோம். கெளம்பும்போது, மாடி அறைக்கு ஒரு ஜன்னல் வைக்கணும், நீ வந்து ஏணியப் புடின்னாரு."

"நல்லதுப்பா."

"அப்பா, செப்டம்பர்ல..."

"தெரியும். அவரும் ஒத்த ஆளுதான. நல்லாப் பாத்துக்க."

"கல்யாணத்துக்கு நீங்க வரணும். விசாவுக்கு எழுதிப் போடுறேன்."

"போடு. பாப்போம்."

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு."

கைப்பேசியில் இருபது சதவீதம் மிச்சமிருந்தது. இராமையா வரைபடத்தைத் திறந்தார். பாங்காக்கில் பதினோரு கடைகளுக்கு அவர் நட்சத்திரம் வைத்திருந்தார். எல்லாம் இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் சின்ன மேசைகள் உள்ள கடைகள். ஒவ்வொன்றாக நீக்கினார். பதினொன்றாவது ஆற்றோரத்து மீன் கடை. அதன் நாற்காலிகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நீக்கிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு இருட்டுப் படியில் சாப்பிட இறங்கினார்.