ஒரு சட்டையும் நான்கு கட்டில்களும்

லிப்ட் மெக்கானிக் ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்த அன்று, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, நான்கு பேராக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பிரிவுக்கு ஒரு கேஸ் ஷீட் என்பது அங்கே விதி. தொடை எலும்பு முறிந்து, மண்ணீரல் கிழிந்து, விலா எலும்பு நுரையீரலைக் குத்தி, தலைக்குள் ரத்தம் கசிந்திருந்த மனிதருக்குப் பதிவு எழுதுபவர் முத்து முத்தான கையெழுத்தில் நான்கு கேஸ் ஷீட் போட்டார். நான்கு சீட்டு வந்ததால் நான்கு ஸ்ட்ரெச்சர்கள் புறப்பட்டன, நான்கிலும் அவரே படுத்திருந்தார். சீட்டு சரியாக இருந்ததால் கொண்டுபோனவர்கள் எதுவும் கேட்கவில்லை. லிப்ட் ஓடாததால் மூன்று பேரைப் படிவழியாகத் தூக்க வேண்டியிருந்ததுதான் அவர்களுக்கு எரிச்சல். அந்த லிப்டைப் பழுதுபார்க்க அன்று மாலை வருவதாக இருந்தவரும் அவரேதான்.

தரைத்தளத்தில் கால்காரர், முதல் மாடியில் வயிற்றுக்காரர், இரண்டாவதில் நெஞ்சுக்காரர், மூன்றாவதில் தலைக்காரர் என்று நர்சுகள் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு காயம்தான், மற்றபடி உடம்பில் கீறல் கிடையாது. கால்காரர் எடை கட்டித் தொங்கவிட்ட காலோடு பக்கத்துக் கட்டில்காரரைச் சீட்டாட்டத்தில் ஜெயித்தார். வயிற்றுக்காரர் எப்போது சாப்பாடு தருவீர்கள் என்று நச்சரித்தார். நெஞ்சுக்காரர் விலாவில் செருகிய குழாய் பாட்டிலுக்குள் குமிழி விடுவதை எண்ணிக்கொண்டிருந்தார். தலைக்காரர் கண் திறக்கவில்லை. மெக்கானிக்கின் மனைவி ஒரு ஜவுளிக்கடையில், வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட துணிகளை மடித்து அடுக்குபவர். வீட்டில் கணவர் அவரை ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவார். அவர் தினமும் அடி பிய்ந்த செருப்போடு டப் டப்பென்று படியேறி நான்கு பேரையும் பார்த்தார். பேசக்கூடிய மூவரும் அவரை ‘சிஸ்டர்’ என்று அழைத்தார்கள்.

பதினாறாம் நாள் மூன்று டாக்டர்கள் தனித்தனியே டிஸ்சார்ஜ் எழுதினார்கள். தலை டாக்டரும், ஸ்கேனில் ரத்தம் கரைந்துவிட்டது, ஏன் எழுந்திருக்கவில்லை என்று தெரியவில்லை, தன் பக்கம் கோளாறு இல்லை என்றார். கணவரின் அண்ணன் நடைமுறை தெரிந்தவர்.

“ஏம்மா, மூணு பேரு நல்லாத்தானே இருக்காங்க. கூட்டிட்டுப் போயிடலாமே?”

“கூட்டிட்டுப் போகலாம் மாமா. இவங்களுக்கு நம்ம வீடு எதுன்னு தெரியாதே. தெரிஞ்சவரு மேல படுத்திருக்காரு.”

அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ் அந்த வழியாகப் போனவர், இதைக் கேட்டு நின்றார். அவர் பேச்சில் நயம் கிடையாது என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். “வந்தப்ப ஒருத்தர்தான். நான்தான் சட்டையை வெட்டினேன். ஒரே ஒரு சட்டைதான் இருந்துச்சு” என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்தறியாத நான்கு டாக்டர்களையும் அவரே இழுத்து வந்து உட்கார வைத்தார். ஒவ்வொரு காயத்தையும் ஒவ்வொரு உடம்பு தாங்கிவிட்டது, எல்லாம் ஒரே உடம்பில் சேர்ந்தால் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். பிழைத்த மூவரும்கூடப் போய்விடலாம். நால்வரையும் ஒன்றாக்கச் சம்மதம் என்ற தாளை மனைவி வாங்கிக்கொண்டார். கையெழுத்து கோணாமல் விழுந்தது.

தலைமை நர்ஸ் நான்கு கேஸ் ஷீட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, காயம் தைக்கும் கறுப்பு நூலால் தைத்தார். கடைசி முடிச்சு விழுந்ததும் கீழே மூன்று கட்டில்கள் காலியாயின. கால்காரரின் கையிலிருந்த சீட்டுகள் மெத்தையில் கொட்டின, ஜெயிக்கிற சீட்டுகள் என்று பக்கத்துக் கட்டில்காரர் பிற்பாடு சொன்னார். மூன்றாம் மாடியில் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கியது. எலும்பு டாக்டர் நெஞ்சுக் குழாயைப் பிடித்துக்கொள்ள, வயிற்று டாக்டர் ரத்தம் ஏற்ற, நால்வரும் ஒரே கட்டிலைச் சுற்றி ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார்கள். பிறகு பதினாறு நாள் வலியும் ஒன்றாக வந்து சேர்ந்து, மெக்கானிக் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினார்.

“அடியே மடிப்பு, வலிக்குதுடி!”

வெளியே படியில் உட்கார்ந்திருந்த மனைவி வாய்விட்டு அழுதார். அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்கு முன் அழுததில்லை.

ஐந்து மாதம் கழித்து மெக்கானிக் வீடு திரும்பினார். அடுத்த ஆண்டு ஊன்றுகோலோடு வந்து அந்த லிப்டையும் ஓடவைத்தார். ஒரே செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவரிடம் மூன்று நினைவுகள் உண்டு: ஒன்றில் சீட்டாடினார், ஒன்றில் பசியோடு கிடந்தார், ஒன்றில் குமிழி எண்ணினார். மூன்றிலும் கூட இருந்த மனைவி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டுவார். மூன்றாம் மாடியில் என்ன இருந்தது என்று ஒருநாள் கேட்டபோது, இருட்டு, அப்புறம் உன் செருப்புச் சத்தம் என்றார். அது படியிறங்கிப் போகும்போதெல்லாம், திரும்ப ஏறாமல் போய்விடுமோ என்று பயமாக இருந்ததாம். அன்றிலிருந்து மனைவி அந்தச் செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை.